பொருள் விற்காத ஒரு கடை: நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான லிங்கன் கவுண்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பில்லி த கிட் என்னும் இளம் கொலையாளியைத் தேடித்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். திரும்பும்போது என் மனத்தில் நின்றது அவன் அடைபட்டிருந்த அறையன்று. அதே தெருவில், தடித்த மண்சுவர்களுக்குள் பழைய அலமாரிகளோடு இன்றும் நிற்கும் டன்ஸ்டல் கடைதான். மக்கள் ஒரு காலத்தில் மாவும் துணியும் ஆணியும் வாங்கிய அந்த இடத்தில் இன்று எதுவும் விற்பனைக்கு இல்லை. லிங்கன் ஊரைப் பார்க்க ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அதில் முக்கால் பங்கை இங்கே செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

ராஸ்வெல் நகரிலிருந்து மேற்கே 380ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், போனிட்டோ என்னும் சிற்றாற்றின் கரையில் இந்த ஊர் வருகிறது. ஊர் என்றால் ஒரே தெரு. அந்த நெடுஞ்சாலைதான் அத்தெரு. இருபுறமும் சுடாத மண்கல்லால் கட்டிய வீடுகள். ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் 1850களில் அமைத்த இக்குடியிருப்புக்கு முதலில் லா பிளாசிட்டா என்று பெயர். 1869இல் கவுண்டி உருவானபோது அதற்கு ஆபிரகாம் லிங்கனின் பெயர் சூட்டப்பட்டது. ஊரும் அதே பெயரைப் பெற்றது. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கவுண்டி என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட இந்நிலப்பரப்பு பின்னர் பல துண்டுகளாகப் பிரிந்தது. இன்று எஞ்சியிருக்கும் லிங்கன் கவுண்டியில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சுமார் 20,000 பேர் வாழ்கிறார்கள்.

1878இல் இங்கு நடந்ததை ‘லிங்கன் கவுண்டிப் போர்’ என்று வரலாறு அழைக்கிறது. துப்பாக்கி வீரர்களின் சாகசக் கதையாக அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அது அடிப்படையில் இரண்டு கடைகளுக்கு இடையே நடந்த சண்டை என்பது வியப்பளிக்கலாம். அயர்லாந்தில் பிறந்து, படைப் பணியிலிருந்து வணிகத்துக்கு வந்த லாரன்ஸ் மர்ஃபி, 1873-74இல் இத்தெருவில் ஒரு பெரிய மாடிக் கட்டடத்தை எழுப்பிக் கடை வைத்தார். ‘வீடு’ என்ற ஒற்றைச் சொல்லாலேயே மக்கள் அதைக் குறித்தார்கள். பணப் புழக்கம் குறைவான அந்த நாட்டுப்புறத்தில் உழவர்கள் பற்று வைத்துப் பொருள் வாங்குவார்கள். அறுவடையானதும் தானியத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பார்கள். விற்கும் பொருளுக்கும் வாங்கும் தானியத்துக்கும் விலை வைப்பது ஒரே கை என்றால், அந்தக் கணக்கு எப்போது தீரும்? அருகிலிருந்த ஸ்டான்டன் கோட்டைக்கும் மெஸ்கலேரோ அப்பாச்சி என்னும் பழங்குடி மக்களின் முகாமுக்கும் இறைச்சியும் மாவும் வழங்கும் அரசு ஒப்பந்தங்களே இந்த வணிகத்தின் முதுகெலும்பாக இருந்தன. மர்ஃபியின் இடத்துக்குப் பின்னர் வந்த ஜேம்ஸ் டோலனும் அதே வழியில்தான் தொழில் நடத்தினார்.

இந்த ஏகபோகத்துக்கு எதிரே கடை திறந்தவர்தான் லண்டனில் பிறந்த ஜான் டன்ஸ்டல். வழக்கறிஞர் அலெக்சாண்டர் மக்ஸ்வீன் அவருக்குத் துணை நின்றார். பெருங்கால்நடை உரிமையாளர் ஜான் சிசமைத் தலைவராகக் காட்டிய ஒரு வங்கியும் அதே கட்டடத்தில் தொடங்கப்பட்டது. டன்ஸ்டலை ஏழைகளின் காவலராகச் சித்திரிக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கவுண்டியில் யார் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் பாதி தன் கைக்கு வர வேண்டும் என்பதே தன் திட்டம் என்று அவர் தம் குடும்பத்தாருக்கு எழுதியிருக்கிறார். பழைய முதலாளியின் இடத்தைப் பிடிக்க வந்த புதிய முதலாளி அவர். 24 வயதில் கொல்லப்பட்டதால் தியாகியானார். கடைக்குள் நின்று அந்த உயரமான அலமாரிகளைப் பார்க்கும்போது, அவற்றை நிரப்பியவரின் கனவு எவ்வளவு பெரியது என்பது நன்றாகவே புரிகிறது.

சண்டைக்குத் திரி கொளுத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டுத் தொகை என்பதும் இந்த வணிகக் கதைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. மர்ஃபியின் பழைய பங்காளி எமில் ஃபிரிட்ஸ் 1874இல் ஜெர்மனியில் இறந்தபோது, அவர் பெயரில் 10,000 டாலர் காப்பீடு இருந்தது. அதை வசூலித்த மக்ஸ்வீன் பணத்தை உடனே கொடுக்கவில்லை. தங்களுக்கு வர வேண்டிய பாக்கி அதில் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் மக்ஸ்வீனின் சொத்தை முடக்க ஆணையிட, அவருடைய பங்காளி என்று சொல்லி, கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிஃப் வில்லியம் பிரேடி டன்ஸ்டலின் கடையையும் முடக்கினார். 1878 பிப்ரவரி 18 அன்று, அந்த ஆணையைக் காட்டிக்கொண்டு சென்ற கும்பல் டன்ஸ்டலைச் சுட்டுக் கொன்றது. ஏப்ரல் 1 அன்று அவருடைய ஆட்கள், இதே கடையை ஒட்டிய மண்சுவருக்குப் பின்னே மறைந்திருந்து, தெருவில் நடந்து வந்த பிரேடியைக் கொன்றார்கள். சுட்டவர்களில் பில்லியும் ஒருவன்.

ஜூலை 15 முதல் 19 வரை ஐந்து நாள் இத்தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கடைசி நாளில் ஸ்டான்டன் கோட்டையிலிருந்து கர்னல் நேதன் டட்லி, ஒரு பீரங்கியோடும், கேட்லிங் என்னும் பல குழல் சுழல் துப்பாக்கியோடும் வந்து சேர்ந்தார். உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குப் பணியில் இராணுவத்தை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் இயற்றப்பட்டிருந்தது. தாம் நடுநிலை என்றார் டட்லி. ஆனால் அவருடைய வருகை எந்தத் தரப்புக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. மக்ஸ்வீனின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. தப்பி வெளியேறும்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வீடு இன்று இல்லை. வென்ற தரப்பும் வாழவில்லை. மர்ஃபியின் ‘வீடு’ அதற்கு முன்பே கடனில் மூழ்கி சான்டா ஃபேயின் செல்வாக்குமிக்க வழக்கறிஞர் தாமஸ் கேட்ரனிடம் அடமானமாகியிருந்தது. பின்னாளில் டன்ஸ்டலின் கடை டோலனின் கைக்கே வந்தது என்பதுதான் இக்கதையின் மிகக் கசப்பான வரி.

கடனில் போன அந்த மாடிக் கட்டடத்தை விலைக்கு வாங்கி, கவுண்டி அதை நீதிமன்றமாக்கியது. தூக்குத் தண்டனை பெற்ற பில்லி அதன் மாடியில்தான் விலங்கோடு வைக்கப்பட்டிருந்தான். 1881 ஏப்ரல் 28 அன்று பெல், ஆலிங்கர் என்னும் இரு காவலர்களைச் சுட்டுவிட்டு அவன் தப்பியோடினான். ஜூலை 14 அன்று ஃபோர்ட் சம்னரில் ஷெரிஃப் பாட் காரெட்டின் குண்டுக்கு இரையானான். படிக்கட்டின் அடியில், அவன் சுட்ட குண்டு பட்டதாகச் சொல்லப்படும் துளையைச் சுற்றி எப்போதும் ஒரு சிறு கூட்டம் நிற்கிறது. கட்டடம் கம்பீரமானது, பராமரிப்பும் நேர்த்தி. என்றாலும் இது முதலில் ஒரு கடை என்ற நினைவோடு உள்ளே நுழைந்தால், கீழ்த்தளத்தின் அகலம் வேறு பொருள் தரும்.

குண்டுத் துளையின் முன் நிற்கும் கூட்டத்தில் பாதியாவது நடந்து போய்ப் பார்க்க வேண்டியது டொரியோன் என்னும் வட்டக் கற்கோபுரம். அப்பாச்சி தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ள 1850களின் குடியேறிகள் கட்டியது இது, 1930களில் சீரமைக்கப்பட்டது. 1878இல் டோலன் தரப்பு இதன் மேலிருந்து சுட்டது. ஹோசே மொன்டான்யோவின் பழைய கடையையும் தவற விடக் கூடாது. இவ்விரு இடங்களும், இந்தக் கவுண்டியின் பெரும்பான்மையினராக இருந்த ஸ்பானிய மொழி மக்களை நினைவூட்டுகின்றன. 1873 டிசம்பரில் டெக்சாசிலிருந்து வந்த ஹொரெல் சகோதரர்களின் கும்பல் இவ்வூரில் ஒரு நடன நிகழ்ச்சிக்குள் புகுந்து சுட்டதில் நால்வர் இறந்தார்கள். அவர்களின் பெயர்களைத் தேடி யாரும் பயணம் வருவதில்லை.

நேரம் இருந்தால் மேற்கே ஸ்டான்டன் கோட்டைக்கும் போகலாம். 1855இல் தொடங்கிய இப்படைத்தளம், 1899இல் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான காசநோய் மருத்துவமனையாகி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பஸ் என்னும் ஜெர்மானியக் கப்பலின் மாலுமிகளை அடைத்து வைத்த முகாமாகவும் இருந்தது. குழந்தைகளோடு வருகிறவர்கள், 1950ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் மீட்கப்பட்டு, காட்டுத்தீ தடுப்புப் பிரசாரத்தின் உயிருள்ள சின்னமான ஸ்மோக்கி கரடி புதைக்கப்பட்டிருக்கும் கேப்பிடன் ஊரில் நிற்பார்கள். எனக்கு அது பத்து நிமிடத்துக்கு மேல் தேவைப்படவில்லை.

செல்வோர் கவனத்துக்கு: மர்ஃபி, டோலன் ஒரு தரப்பு, டன்ஸ்டல், மக்ஸ்வீன் மறுதரப்பு என்ற அளவுக்காவது பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். உணவைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பக்கத்து ஊர் ஒன்றில் நாங்கள் நம்பிப் போன உணவகம் சூரியன் மறையும் முன்பே பூட்டிக் கிடந்தது. தெருவின் இரு முனைகளுக்கும் நடந்தே போகலாம், ஆனால் நெடுஞ்சாலை என்பதால் வண்டிகளைப் பார்த்துக் கடக்க வேண்டும். டன்ஸ்டல் கடையைப் பார்த்து முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கடைக்காரரும் அவருடைய வழக்கறிஞரும் அதன் பின்புறத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள். நாங்கள் போன பிற்பகலில் அந்தப் பக்கம் வேறு யாரும் வரவில்லை.