ரோமெக்ஸா, உலோகக் குழாயா? சிகாகோ வட்டாரத்தில் வீட்டு வயரிங்

அமெரிக்காவில் வீட்டு வயரிங்குக்கு எந்த முறை நல்லது என்று கேட்பவர், வீடு எந்த நகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். என்.எஃப்.பி.ஏ. என்ற தேசியத் தீத்தடுப்பு அமைப்பு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் தேசிய மின் விதித்தொகுப்பு, ஒரு மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பிறகே சட்டமாகிறது. ஏற்கும்போது அவை தம் விருப்பப்படி சேர்க்கவும் நீக்கவும் செய்கின்றன. நாட்டின் பெரும்பகுதியில் தனிவீடுகளுக்கு வழக்கமாகப் போடப்படும் ரோமெக்ஸ் என்ற பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்குச் சிகாகோ நகருக்குள் இடமில்லை. அங்கே உலோகக் குழாய்தான். சுற்றியுள்ள புறநகர்கள் பலவும் அவ்வழியே செல்கின்றன.

செலவிலும் வேகத்திலும் ரோமெக்ஸுக்கு நிகரில்லை. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களைத் துளைத்துக் கேபிளை இழுத்து, நாலரை அடிக்குள் ஒரு ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டே போகலாம். ஆனால் துளை சட்டத்தின் விளிம்புக்கு 1¼ அங்குலத்தைவிட நெருங்கினால், சுவரை மூடும் ஜிப்சம் பலகையின் திருகு கேபிளுக்குள் இறங்காதபடி இரும்புத் தகடு பொருத்தியாக வேண்டும். வேலையைச் சரிபார்க்க வரும் மின் ஆய்வாளரின் கண் முதலில் போகும் இடங்களில் இதுவும் ஒன்று.

இ.எம்.டி. எனப்படும் மெல்லிய உலோகக் குழாய்க்கு வளைப்பானும் பழகிய கையும் தேவை. வயர்கள் இணையும் இரு மின்பெட்டிகளுக்கு இடையே வளைவுகளின் கூட்டுத்தொகை 360 டிகிரியைத் தாண்டக் கூடாது. இந்தச் சிரமம் வீணல்ல என்பதே என் உறுதியான கருத்து. எலி கடிக்க முடியாது. இணைப்புகள் சரியாக இருந்தால் குழாயே எர்த் பாதையாகும். பல ஆண்டுகள் கழித்துச் சமையலறைக்குப் புதிய சர்க்யூட் தேவைப்பட்டால், குழாயில் இடமிருக்கும்வரை சுவரை உடைக்காமல் வயரை இழுத்துவிடலாம். இரண்டையும் ஏற்கும் ஊரில் படுக்கையறைகளுக்கு ரோமெக்ஸையும், கேபிள் வெளியே தெரியும் நிலவறைச் சுவர்களுக்குக் குழாயையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆய்வாளரை அணுகுவதிலும் இரு வழிகள் உண்டு. வேலையை முடித்துவிட்டு, அவர் நிராகரித்தபின் விதிநூலைக் காட்டி வாதாடுவது ஒன்று. எந்த ஆண்டுப் பதிப்பு நடைமுறையில் உள்ளது, உள்ளூர்த் திருத்தங்கள் யாவை என்று பெர்மிட் வாங்கும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுவது மற்றொன்று. விதிக்குப் பொருள் கூறும் பொறுப்பைத் தொகுப்பின் 90.4ஆம் பிரிவே விதியை அமல்படுத்தும் அதிகார அமைப்பிடம் ஒப்படைத்திருப்பதால், முதல் வழி பெரும்பாலும் தாமதத்தில்தான் முடிகிறது. ஆய்வாளர் கேட்பது விதியில் இல்லை என்று தோன்றினால், பிரிவு எண்ணைப் பணிவாகக் கேளுங்கள். இரண்டு ஸ்டேப்பிளில் தீருவதென்றால் அடித்துவிடுங்கள். முழு வயரிங்கையும் மாற்றச் சொன்னால், சுவரை மூடாமல் அவருடைய மேலதிகாரியிடம் எழுத்துப்பூர்வ விளக்கம் கேளுங்கள்.