பெஞ்ச் பவர் சப்ளை: டிரான்ஸ்பார்மரா, கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸா, லேப்டாப் அடாப்டரா?

நண்பரின் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் சோதனைகளுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கி வாங்கி அலுத்துப்போய், "வீட்டிலேயே ஒரு பவர் சப்ளை செய்துகொள்ளலாமா, எதை வைத்துச் செய்ய?" என்று கேட்டாள். மேசையில் வைத்து, சோதனைச் சுற்றுக்கு வேண்டிய வோல்ட்டை எடுக்கும் பெஞ்ச் பவர் சப்ளையைத்தான் கேட்கிறாள். செல்போனில் சொல்லிமுடிக்கிற பதில் இல்லை அது. தப்பான வழியைக் கைகாட்டினால் 230 வோல்ட்டில் கைவைப்பது அந்தப் பெண். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

வழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள். இரும்பு டிரான்ஸ்பார்மரும், வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் எல்எம்317 என்ற ஐசியும் வைத்துக் கட்டும் பழைய முறை ஒன்று. பழைய கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டியை, அதாவது ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை, மாற்றியமைப்பது இன்னொன்று. லேப்டாப் அடாப்டரின் முனையில் கரண்டையும் வோல்டேஜையும் வேண்டிய அளவில் நிறுத்தும் சிசி-சிவி மாட்யூல் என்ற சிறு போர்டைப் பொருத்துவது மூன்றாவது. கடையில் ரெடிமேடாக 30 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளையும் கிடைக்கிறது. காசு இருந்தால் வாங்கலாம், அதில் அலச ஒன்றுமில்லை.

எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு: 230 வோல்ட் இருக்கும் பகுதியை யார் கட்டப்போகிறார்கள்? நீங்களா, தொழிற்சாலையா?

அடாப்டர் வழியில் அந்தப் பகுதி ஒட்டி மூடப்பட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிறது. நம் கைக்கு வருவது 19 வோல்ட் டிசி மட்டும். அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அடாப்டர் நல்லதாக இருக்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் நடைபாதையில் எடை குறைந்த அடாப்டர்களைக் குவித்து விற்பார்கள், அதில் கை வைக்கவேண்டாம். உடைந்த லேப்டாப்போடு வந்த பழைய ஒரிஜினல் அடாப்டர் அதைவிட எவ்வளவோ மேல்.

டிரான்ஸ்பார்மர் வழியில் அந்தப் பகுதி முழுக்க நம் பொறுப்பு. பிளக், ஃபியூஸ், சுவிட்ச், எர்த், டப்பா எல்லாம் நாமே செய்யவேண்டும். ஒழுங்காகச் செய்தால் மிகவும் நம்பகமானது, ஏனென்றால் 230 வோல்ட் போகும் பிரைமரி சுற்றுக்கும் நமக்கு மின்சாரம் தரும் செகண்டரி சுற்றுக்கும் நடுவே காந்தப்புலத்தைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஆட்டோ டிரான்ஸ்பார்மரை மட்டும் தவறிக்கூட வாங்கிவிடாதீர்கள், அதில் இந்தப் பிரிப்பே கிடையாது.

ஏடிஎக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இது எனக்கு ஏன் பிடிக்காது என்று சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. பச்சை ஒயரைக் கருப்போடு சேர்த்தால் ஓட ஆரம்பிக்கும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. சில பழைய சப்ளைகள் சும்மா ஓடாது, அவற்றுக்கு 5 வோல்ட்டில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாகப் போடவேண்டும். இதுவரை சரி. அப்புறம் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? பெட்டியைத் திறந்து, ஒயர் செருகும் பனானா சாக்கெட்டுக்கு ஓட்டை போட்டு, ஒயர்களை உள்ளேயே சால்டர் செய்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் ஏசி, டிசியாகி சுமார் 325 வோல்ட்டில் பெரிய கெப்பாசிட்டர்களில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே போகாது. நல்ல நிலையில் ஓடும் எஸ்எம்பிஎஸ் கொஞ்ச நேரத்தில் தன் கெப்பாசிட்டரைத் தானே காலிசெய்துவிடும். செத்துப்போனதுதான் ஆபத்து. ஓடாததால் சார்ஜை இழுக்க ஆளில்லாமல் அப்படியே வைத்திருக்கும். பல வருடம் முன்பு அப்படி ஒன்றை, பிளக்கைக் கழற்றி வெகுநேரம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் திறந்தேன். ஸ்க்ரூடிரைவர் நுனி கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் ஒரே சமயத்தில் பட்டது. வெடி போட்ட மாதிரி சத்தம், நீலமாக ஒரு பொறி. அந்த நுனியில் அரிசி அளவுக்கு உருகிய பள்ளம் இன்றும் இருக்கிறது. விரல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் பயமாக இருக்கிறது.

ஓட்டை போடும்போது விழும் இரும்புத் துருவல் போர்டின் அடியில் ஒளிந்துகொள்வதும் உண்டு. உள்ளே சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் சில மாடல்களில் எர்த்தோடு சேராமல் மெயின்ஸ் பக்கத்தோடு தொடர்பில் இருப்பதும் உண்டு. ஏடிஎக்ஸ்தான் வேண்டும் என்றால் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். 24 பின் கனெக்டரைச் செருக, அதன் ஒயர்களைத் தனித்தனி முனைகளாகப் பிரித்துத் தரும், ஃபியூஸோடு கூடிய பிரேக்அவுட் போர்டு கிடைக்கிறது. அதை வெளியே பொருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஷார்ட் ஆனால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இது தினமும் நடக்கும்.

ஏடிஎக்ஸின் 12 வோல்ட் லைன் 15, 20 ஆம்பியர் சர்வசாதாரணமாகக் கொடுக்கும். முழு ஷார்ட் என்றால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆனால் சால்டர் இல்லாமல் சுற்று கட்டும் பிரெட்போர்டின் மெல்லிய ஒயர் வழியாக 10 ஆம்பியர் போனால், அது தன் அளவுக்குள்தான் இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் நினைத்துக்கொள்ளும். ஒயரின் உறை உருகிப் புகைகிறவரை கொடுத்துக்கொண்டே இருக்கும். தாய்ப்பலகைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வடிவமைத்தது அது, நம் எல்ஈடிக்கு இல்லை.

எல்எம்317 தன் கரண்டைத் தானே கட்டுப்படுத்தும், சூடு அதிகமானாலும் தானே நின்றுகொள்ளும். இதன் உத்தரவாதம் 1.5 ஆம்பியர். ஷார்ட்டில் 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கும். ஒயர் எரியாது, ஆனால் சின்ன ஐசி ஒன்று போகலாம். கரண்டை இன்னும் கீழே பிடிக்க வேண்டுமானால் முன்னால் இன்னொரு 317-ஐ, நிலையான கரண்ட் தரும் சுற்றாகப் போடலாம். 1.25-ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் கரண்ட் வந்துவிடும், 12 ஓம் போட்டால் சுமார் 100 மில்லிஆம்பியர். அதற்கு ஈடாகக் கூடுதலாக மூன்று நான்கு வோல்ட் இழக்கவேண்டும்.

இந்த இடத்தில் சிசி-சிவி மாட்யூல் தனித்து நிற்கிறது. எக்ஸ்எல்4015 என்ற ஐசி போட்ட சாதாரண மாட்யூலில்கூட வோல்டேஜுக்கு ஒரு திருகும் கரண்டுக்கு ஒரு திருகும் இருக்கும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து அவுட்புட்டை அதன் வழியாக ஷார்ட் செய்து, கரண்டை 200 மில்லிஆம்பியருக்கு இறக்கி வையுங்கள். அதன்பின் தப்பாகச் செருகினாலும் வோல்டேஜ் கீழே விழும், கரண்ட் அங்கேயே நிற்கும். புதிதாகச் செய்த போர்டுக்கு முதன்முதலில் கரண்ட் கொடுக்கும்போது இது தரும் நிம்மதி பெரிது. காட்டும் திரையும் பொத்தான்களும் வேண்டுமென்றால் டிபிஎஸ்5005 மாதிரியானவை உண்டு.

ஆனால் அந்த மாட்யூலிலும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. 20 மில்லிஆம்பியருக்குத் திருகி வைத்துவிட்டு, 12 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெறும் எல்ஈடியை முனையில் தொட்டுப் பாருங்கள்: பளிச் என்று ஒரு தடவை எரிந்து கருகிப்போகும். கரண்ட் கட்டுப்பாடு தவறவில்லை. அவுட்புட் கெப்பாசிட்டரில் ஏற்கனவே நிறைந்திருந்த சார்ஜ், கட்டுப்பாடு விழித்துக்கொள்ளும் முன்பே எல்ஈடிக்குள் கொட்டிவிட்டது. முதலில் இணைத்துவிட்டு, அப்புறம் வோல்டேஜைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து ஏற்றினால் இது வராது. இரண்டாவது கண்ணி: இந்த மாட்யூல்கள் கரண்டை மைனஸ் பக்கம் அளக்கின்றன. இன்புட் மைனஸும் அவுட்புட் மைனஸும் ஒன்றுதானே என்று இரண்டையும் சேர்த்துவிட்டால் கரண்ட் கட்டுப்பாடு வேலைசெய்யாது. ஒரே அடாப்டரில் இரண்டு மாட்யூல் வைக்கிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். 15 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் ஏசியை, நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜில் டிசியாகத் திருத்திக் கெப்பாசிட்டரில் நிரப்பினால் சுமார் 20 வோல்ட் டிசி வரும், சுமை ஏறினால் 18-க்கு இறங்கும். அதில் 5 வோல்ட், 1 ஆம்பியர் எடுத்தால் நமக்கு வருவது 5 வாட், 317-இல் சூடாகிப் போவது 13 வாட். மேசையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னின் பாதி சூடு, விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லில்! பெரிய ஹீட் சிங்க் இல்லாமல் நடக்காது. 317-இன் உலோக முதுகும் அவுட்புட்டும் ஒன்று என்பதால் நடுவில் மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் கட்டாயம். மாட்யூல் இதே வேலையைக் கொஞ்சம் வெதுவெதுப்போடு முடித்துவிடும்.

டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று: மேலே 3 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஏசிக்கு. கெப்பாசிட்டர் போட்டுத் திருத்தியபின் தொடர்ந்து எடுக்கக்கூடிய டிசி அதில் சுமார் 60 சதவீதம்தான், அதாவது 1.8 ஆம்பியர். 317-க்கு அது பொருத்தம். கெப்பாசிட்டர் 4,700 மைக்ரோஃபாரட் போட்டால் 1.5 ஆம்பியரில் சுமார் 3 வோல்ட் அலை, அதாவது ஏற்ற இறக்கம், இருக்கும், 12 வோல்ட்டை ஒழுங்காகத் தரும். காசு மிச்சம் என்று 2,200 போட்டால் அலையின் பள்ளம் 317-இன் தேவைக்குக் கீழே போய், ஆம்ப்ளிஃபயரில் 'உம்ம்' என்று இரைச்சல் கேட்கும்.

இரைச்சல் இல்லாத சுத்தமான டிசி என்று வந்தால் டிரான்ஸ்பார்மரை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. எக்ஸ்எல்4015 சுமார் 180 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது. அந்த இரைச்சல் அதன் மடங்குகளிலும் வரும். அதை நான்கால் பெருக்கினால் 720 கிலோஹெர்ட்ஸ், சென்னை வானொலியின் மத்திய அலை. வீட்டில் செய்த ரேடியோவை அந்த மாட்யூலில் ஓட்டினால் நிலையத்துக்குப் பதிலாகச் சீறல் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. ரேடியோ, மைக் ப்ரீஆம்ப், சென்சார் அளவீடு செய்கிறவர்களுக்கு லீனியர் சப்ளை, அதாவது டிரான்ஸ்பார்மர்-317 வழிதான். ஆர்டுயினோ, மோட்டார், எல்ஈடி பட்டைக்கு மாட்யூல் போதும்.

எர்த் விஷயத்தில் மூன்றும் மூன்று மாதிரி. டிரான்ஸ்பார்மரின் அவுட்புட் எதோடும் சேராமல் மிதக்கும், இரண்டு சப்ளையைத் தொடராக இணைத்து பிளஸ்-மைனஸ் எடுக்கலாம். ஏடிஎக்ஸின் கருப்பு ஒயர் பெட்டி வழியாக எர்த்தில் இருக்கிறது. இரண்டு ஏடிஎக்ஸைத் தொடராக இணைத்தால் எர்த் வழியாக ஷார்ட். லேப்டாப் அடாப்டரில் மூன்று பின் உள்ள பலவற்றில் மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டு பின் உள்ளதில், உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மிகச்சிறு கசிவு வரும். ஈரக்கையால் தொட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருப்பது அதுதான். நமக்கு ஆபத்து இல்லை, மென்மையான ஐசிக்கு நல்லதில்லை. மூன்று பின்னே வாங்குங்கள்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் பதில்: முதல் சப்ளை, அடாப்டரும் சிசி-சிவி மாட்யூலும். திருகுகளைக் கழற்றிவிட்டு அதே மதிப்புள்ள பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டர்களை முகப்பில் வை. அவுட்புட்டில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடு. மாட்யூல் பழுதானால் 19 வோல்ட்டும் நேரே அவுட்புட்டுக்கு வந்துவிடும், அதனால் விலை உயர்ந்த போர்டை இணைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மீட்டரில் பார். ஏடிஎக்ஸ் வேண்டாம். ஒரு வருடம் கழித்து, ரேடியோ செய்யும் ஆசை வந்தபின், டிரான்ஸ்பார்மர் சப்ளையைச் செய். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்கிறேன்.

அப்போது செய்யவேண்டியதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். உலோக டப்பா, மூன்று பின் பிளக். எர்த் ஒயரின் நுனியில் லக் (உலோக வளையம்) போட்டு அழுத்தி, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் பல் வாஷரோடு தனி போல்ட்டில் முடுக்கவேண்டும். அந்த ஒயர் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், கார்டை யாராவது இழுத்தாலும் அது கடைசியில்தான் பிய்யும். ஃபியூஸ் ஃபேஸ் ஒயரில்: 45 விஏ (15 வோல்ட் × 3 ஆம்பியர்) டிரான்ஸ்பார்மருக்கு 500 மில்லிஆம்பியர், ஸ்லோ ப்ளோ, அதாவது சற்றுத் தாமதித்து எரியும் வகை. சுவிட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பதாக இருக்கவேண்டும், ஏனென்றால் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருந்தால் நமக்குத் தெரியாது. 230 வோல்ட் படும் ஒவ்வொரு சால்டர் மூட்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வீட்டில், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதல் தடவை நேராகச் சுவரில் செருகக்கூடாது. ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வேண்டும்: சுவருக்கும் சப்ளைக்கும் நடுவே 60 வாட் குண்டு பல்பு தொடராக, எல்ஈடி பல்பு உதவாது. டப்பாவை மூடி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடு. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் கெப்பாசிட்டர் நிறைந்துவிட்டது, எல்லாம் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கேயோ ஷார்ட். உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம்தான் மூடியைக் கழற்றவேண்டும்; கெப்பாசிட்டர் முனையில் மீட்டரை வைத்து அது பூஜ்யத்துக்கு வரும்வரை உள்ளே எதையும் தொடக்கூடாது.