பெயரைத் தட்டினால் போதாது: ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ எப்படி?

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க மாநில எம்.எல்.ஏ. ஒருவரின் வாழ்க்கையைத் தோண்ட வேண்டுமென்றால் முதலில் போகவேண்டிய இடம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்தும் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ இணையதளம். பழைய செய்தித்தாள் பக்கங்கள் அச்சானபடியே கிடைக்கும். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். தேடத்தான் கொஞ்சம் தந்திரம் வேண்டும்.

டென்னசி மாநிலம் நயோட்டா ஊர்க்காரர் ஹாரி டி. பர்னையே எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கு வாக்குரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தம் 1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி கீழவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. பர்ன் போட்டிருந்த கோட்டில் எதிரணியின் அடையாளமான சிவப்பு ரோஜா, பையில் ‘ஆதரித்து ஓட்டுப் போடு’ என்று அம்மா எழுதிய கடிதம். 24 வயதான அவர் அம்மா சொன்னபடியே செய்தார். வழக்கறிஞரானது பிறகுதான், 1923இல்.

ஆங்கிலத்தில் ‘பர்ன்’ என்றால் ‘எரி’ என்றும் பொருள்; அதை மட்டும் தேடினால் அந்த வாரம் எரிந்த வீடு, வைக்கோல்போர் எல்லாம் வந்து விழும். ‘ஹாரி’யைச் சேர்த்தாலும் பயன் குறைவு, அன்றைய தாள்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு தொகுதியைத்தான் போடும். ‘பர்ன்’, ‘மெக்மின்’ (அவருடைய கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற பகுதி) இரண்டும் அருகருகே வரும்படி தேடி, தேதியை ஆகஸ்ட் 18 முதல் 25 வரை குறுக்குங்கள்.

அப்படியும் தப்பும். பக்கங்கள் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து (தாள்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்) எடுத்தவை. மை பரவிய இடத்தில், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் தடுமாறும். ஆர், என் எழுத்துகள் ஒட்டிக்கொண்டால் எம் ஆகி, பர்ன் ‘பம்’ ஆகிவிடுவார். அதற்கு ஆங்கிலத்தில் வெட்டிப்பயல் என்று பொருள்; பாவம், மாண்புமிகு உறுப்பினர்! அந்த எழுத்துக்கூட்டலையும் தேடிப் பாருங்கள்.

வாக்கு எண்ணிக்கை ஓரிடத்தில் 49–47, வேறிடத்தில் 50–46 என்று வந்தால் அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எதிரணி தோற்ற பிறகு, மறுபரிசீலனை கோருவதற்காக, அந்த அணியைச் சேர்ந்த சபாநாயகர் சேத் வாக்கர் தன் வாக்கை ஆதரவுப் பக்கம் மாற்றினார். இரண்டு எண்ணும் சரி. இதற்காகவே ஒரே தாளோடு நிறுத்தக்கூடாது.

பின்வாழ்க்கைக்கு இந்தத் தளம் அவ்வளவாக உதவாது. காப்புரிமை காலாவதியான பழைய தாள்களே இதில் அதிகம். 1949இல் அவர் மாநில செனட்டுக்குப் போனதற்கும் 1977இல் இறந்ததற்கும் டென்னசி நூலகங்களைத்தான் நாட வேண்டும்.

பக்கத்தைச் சேமிக்கும்போது முழுப்பக்க பிடிஎஃப்பையே எடுங்கள். செய்தியை மட்டும் வெட்டினால் தாளின் பெயரும் தேதியும் போய்விடும்.