ஏ7 மார்க் 4, ஆர்6 மார்க் 2, எஸ்5 மார்க் 2: கல்யாண மண்டபத்துக்கு எது?

ஒரே ஆள் ஸ்டில்ஸும் எடுக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். கையில் ஒரு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), ஒரு ஜூம் லென்ஸ். வளைகாப்பு, காதுகுத்து, நிச்சயதார்த்தம், சின்ன பட்ஜெட் கல்யாணம் என்று நம்மூரில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. இதற்கு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) தேடுபவர்கள் கடைசியில் பெரும்பாலும் மூன்று பாடிகளில் வந்து நிற்பார்கள்: 2021-இல் வந்த சோனி ஏ7 மார்க் 4, 2022-இல் வந்த கேனான் ஆர்6 மார்க் 2, 2023-இல் வந்த பானாசோனிக் எஸ்5 மார்க் 2. சோனியிலும் கேனானிலும் அடுத்த மாடல் வந்துவிட்டது. அதனாலேயே இவற்றை இப்போது பார்ப்பதில் லாபம் இருக்கிறது.

மூன்றிலும் படம் நன்றாகவே வரும். சோனிக்கு 33 மெகாபிக்சல், மற்ற இரண்டுக்கும் 24. ஆல்பம் அச்சடிக்க 24 தாராளம். மூன்றிலும் 10 பிட் வீடியோ (நிறங்களை நுணுக்கமாகப் பதிவது), லாக் (பிறகு நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் முறை), இரண்டு கார்டு ஸ்லாட், பக்கவாட்டில் திரும்பும் திரை உண்டு. கடைக்காரர் இவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் தலையாட்டிவிட்டு, "எந்த ஜூமோடு தருவீர்கள்?" என்று கேளுங்கள். என் கணக்கில் பாடியைவிட ஜூம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது.

சோனி என்றால் டாம்ரான் கம்பெனியின் 28-75 எஃப்/2.8 ஜி2 லென்ஸ் (முதல் எண்கள் மி.மீ., குறைந்தால் கோணம் அகலம்; எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம்). வெறும் 540 கிராம்தான். பாடியோடு சேர்த்து 1.2 கிலோ. காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு வந்தவர் மத்தியானப் பந்தி முடியும்வரை தோளில் தொங்கவிட்டுத் திரியலாம், சின்ன கிம்பலிலும் (ஆட்டம் தடுக்கும் கைப்பிடி) நிற்கும். இன்னும் அகலம் வேண்டுமா? சிக்மா 24-70 இருக்கிறது. பகல் வேலை அதிகம் என்றால் சோனியின் 20-70 எஃப்/4 இருக்கிறது. பழைய மார்க்கெட்டிலும் இ மவுன்ட் (சோனியின் லென்ஸ் பொருத்தும் வளையம்) லென்ஸ் புழக்கம் அதிகம்.

கேனானில் இந்தச் சுதந்திரம் இல்லை. சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் 2024-இல் கதவைத் திறந்தார்கள், அதுவும் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) லென்ஸ்களுக்கு. ஆகவே ஃபுல் ஃபிரேமில் ஆட்டோஃபோகஸ் ஜூம் என்றால் கேனானுடையதுதான் கதி. வழக்கமான ஜோடி ஆர்எஃப் 24-105 எஃப்/4 எல் (ஆர்எஃப் என்பது கேனான் மவுன்ட், எல் என்பது அதன் உயர்தர வரிசை), 700 கிராம். 2024-இல் வந்த 28-70 எஃப்/2.8 எஸ்டிஎம் 495 கிராம்தான், எல் வரிசை 24-70 எஃப்/2.8-ஐவிட விலையும் குறைவு.

பானாசோனிக்கின் எல் மவுன்ட் (கேனானின் எல் வரிசை வேறு) சிக்மாவோடு கூட்டு. சிக்மா 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பைப் போட்டால் மொத்தம் ஒன்றரை கிலோ வரும். பானாசோனிக்கின் சொந்த 24-105 எஃப்/4-ஐ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் அது பாதி அளவு மேக்ரோவும் செய்யும். திருமாங்கல்யம், ஒட்டியாணம், மருதாணிக் கை எல்லாவற்றையும் லென்ஸ் மாற்றாமலே நெருங்கி எடுத்துவிடலாம்.

சரி, இப்போது மண்டபத்துக்குள் வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க யூடியூபர் நொடிக்கு 24, 60 ஃபிரேம் என்று சொல்வதை அப்படியே வைத்தால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் படத்தில் துடிக்கும். 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அட்சதை விழுவதைப் பாதி வேகத்தில் காட்ட 4கே 50 (4கே தரத்தில் நொடிக்கு 50 ஃபிரேம்) தேவை. இந்த மூன்று கேமராக்களும் பிரியும் இடம் இதுதான்.

4கே 50 போட்டதும் சோனியும் பானாசோனிக்கும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 1.5 மடங்கு கிராப். டாம்ரானின் 28 மி.மீ. 42 ஆகிவிடும். மேடையில் பின்னால் நகர இடம் இருக்காது, முதுகுக்குப் பின்னே லைட் ஸ்டாண்டு நிற்கும். பொண்ணு, மாப்பிள்ளை இருவரும் ஃபிரேமில் இருப்பார்கள். முடிச்சுப் போடக் குனியும் நாத்தனார் பாதி வெட்டுப்படுவார், அட்சதை தூவும் கைகள் வெளியே போய்விடும். கைகள் இல்லாமல் அரிசி மட்டும் விழுந்தால் அது என்ன ஷாட்? சிக்மாவின் 24-இலும் 36 மி.மீ. கோணம்தான் வரும். சோனியின் 20-70 என்றால் 30-இல் நிற்கும், ஆனால் வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) போகும். கேனான் 4கே 50-ஐ முழு அகலத்தில் எடுக்கிறது. 24 என்றால் 24. இந்த ஒரு காரணத்துக்காகவே கேனானுக்கு மாறியவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது சூடு. கேனான் தன் ரெக்கார்டிங் நேரத்தைக் கணக்கிடும் வெப்பநிலை சுமார் 23 டிகிரி. வைகாசி முகூர்த்தத்தில், ஏசி இல்லாத மண்டபத்தில், ஹோம குண்டத்துக்கு நாலடி தள்ளி 23 டிகிரிக்கு எங்கே போவது? பானாசோனிக்கில் உள்ளேயே மின்விசிறி இருக்கிறது. முழுச் சடங்கையும் இடைவெளி இல்லாமல் ஓடவிட வேண்டுமென்றால் மூன்றில் இதைத்தான் நம்பலாம். கேனானில் 50-ஐத் தேவையான நிமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை 25-இல் ஓட்டுங்கள். சோனி வாங்கினால் முதல் வேலையாக மெனுவில் தானாக அணையும் வெப்ப அளவை 'ஹை' என்று மாற்றிவிடுங்கள்.

லைவ் கேட்கும் வீடுகள் இப்போது நிறைய. பையன் சிங்கப்பூரில், அத்தை டொராண்டோவில். அந்த வேலைக்கு முழு அளவு எச்டிஎம்ஐ துளை சோனியிலும் பானாசோனிக்கிலும் உண்டு. கேனானில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. யாராவது ஒயரில் கால் இடறினால் ஆபத்து அதற்குத்தான். கேஜ் (கேமராவைச் சுற்றிய உலோகச் சட்டம்) போட்டு ஒயரைக் கட்டிவிடுங்கள்.

ஸ்டில்ஸுக்கு வந்தால் ஃபோகஸில் சோனியும் கேனானும் சமம் என்றே சொல்வேன். பானாசோனிக்கின் முதல் ஃபேஸ் டிடெக்ட் (phase detect, வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் முறை; முகம் அறிவது அல்ல) கேமரா எஸ்5 மார்க் 2. முந்தைய மாடல்களைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஓடும் குழந்தையைத் துரத்துவதில் ஒரு படி பின்தான். கேனானின் 40 ஃபிரேம் வேகம் எலக்ட்ரானிக் ஷட்டரில். எல்இடி வெளிச்சத்தில் அது கோடு கோடாக விழலாம். சோனியின் சைலன்ட் மோடும் எலக்ட்ரானிக்தான், அது இன்னும் மோசம். மெக்கானிக்கலிலேயே எடுங்கள். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

எஃப்/2.8-ஆ எஃப்/4-ஆ என்ற சண்டை முடிவதில்லை. வித்தியாசம் ஒரு ஸ்டாப். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200-இல் எடுப்பதை 6400-இல் எடுப்பீர்கள், இந்த சென்சார்கள் அதைத் தாங்கும். பதிலுக்கு 105 மி.மீ. கிடைக்கிறது. மேடை ஓரத்தில் நின்றபடியே அம்மாவின் கண்ணீரை எட்டிப் பிடிக்கலாம். எதுவானாலும் அப்பர்ச்சர் மாறாத ஜூமாகப் பாருங்கள். எஃப்/3.5-5.6 கிட் லென்ஸில் ஷாட்டுக்கு நடுவே ஜூம் செய்தால் வெளிச்சம் கண்ணெதிரே இறங்கும்.

என்னைக் கேட்டால், போட்டோதான் சோறு போடுகிறது, வீடியோ கூடுதல் வருமானம் என்பவருக்கு ஏ7 மார்க் 4, டாம்ரான். நீளமான வீடியோவும் லைவும்தான் முக்கியம் என்றால் எஸ்5 மார்க் 2, அதன் 24-105 எஃப்/4. இரண்டும் சரிபாதி, ஸ்லோ மோஷன் இல்லாமல் ரீல்ஸ் இல்லை என்பவருக்கு ஆர்6 மார்க் 2, 24-105 எஃப்/4 எல். இரவு ரிசப்ஷனுக்காக அதோடு 160 கிராம் ஆர்எஃப் 50 எஃப்/1.8 ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம், பாடிக்கே மொத்தக் காசையும் கொட்டிவிடாதீர்கள். சோனியில் 4கே 50-ஐ 10 பிட்டில் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி ஓடும். 4:2:2 எச்.265 (நிற விவரம் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ) கோப்புகளை வெட்ட ஆப்பிள் எம்1 அல்லது இன்டெல் 11-ஆம் தலைமுறை சிப், இல்லை அதற்குப் பிந்தையது உள்ள கணினி இருந்தால் நல்லது. பழைய லேப்டாப் என்றால் பிராக்ஸி (எடிட்டிங்குக்கான சின்ன நகல் கோப்பு) போடாமல் டைம்லைன் நகராது.