புது வீட்டுக்கு ‘ஃபுல் ஃபைபர்’ என்று சொல்லி சிம் கார்டு மோடத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

பினாங்கில் சிம்பாங் அம்பாட், பத்து காவான், நிபோங் திபால் பக்கம் புது வீட்டுச் சாவிக்காகக் காத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சாவி கொடுக்கும் இடத்திலேயே கூடாரம் போட்டு இணையச் சேவை விற்கிறவர்களிடம் ஐசியை (அடையாள அட்டையை) நீட்டும் முன்பே படித்துவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நடந்தது இது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, புகார் இன்னும் முழுதாக முடியவில்லை. ஏஜென்ட் நம் தமிழ்ப் பையன்தான், பேச்சில் அவ்வளவு மரியாதை. “அண்ணே, உங்க ரோட்டுக்கு ஃபுல் ஃபைபர் ரெடிண்ணே. ஸ்பீடு 100, மாசம் 89 வெள்ளிதான். இன்னைக்கே போட்டா இன்ஸ்டலேஷன் ஃப்ரீ.” கூடவே வீட்டுக்குள் வந்து, டிவி வைக்கும் சுவரின் அடியில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி, “இதான் ஃபைபர் பாயிண்ட், எல்லாம் உள்ளேயே இருக்கு” என்றார்.

விலையைக் கேட்டதும் யாருக்கும் சந்தேகம் வராது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்.சி.எம்.சி.), கேபிள் வைத்திருக்கும் நிறுவனம் மற்ற நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலைக்கு உச்சவரம்பு வைத்த 2018-இலிருந்தே ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) கட்டணம் இறங்கியிருக்கிறது. 2023-இல் அந்த வரம்பை மறுபடியும் திருத்தினார்கள். 100 எம்பிபிஎஸ் வேகம் இப்போது நூறு வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டிக் கிடைக்கிறது. அதில் பத்து வெள்ளி குறைத்துச் சொன்னால் சலுகை என்றுதான் தோன்றும். டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கினார். பாரத்தைப் படிக்கக் கேட்டதற்கு, “இமெயிலுக்கு வந்துடும்ணே” என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு மோடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். “லைன் திறக்க ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் இதை வச்சுக்குங்க, இது டெம்பரரிதான்.” அந்த மோடத்தை நான் இங்கே விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கைக்கு வந்தால் அடையாளம் தெரிய வேண்டும். உயரமான வெள்ளை டப்பா. அதிலிருந்து போகும் வயர் ஒன்றே ஒன்று, அது கரண்டு வயர். அடியில் விரல் நகத்தால் திறக்கும் சின்ன மூடி, அதற்குள் சிம் கார்டு. சுவரில் இருக்கும் பெட்டிக்கும் இதற்கும் எந்த இணைப்பும் இல்லை. ஃபைபர் என்றால் சுவர்ப் பெட்டியிலிருந்து நூல்போல மெல்லிய கேபிள் ஒன்று மோடத்துக்கு வந்தே ஆகவேண்டும். அது இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஃபைபர் இல்லை, கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் 5ஜி.

5ஜி-யை நான் குறை சொல்லவில்லை. கேபிள் போகாத இடத்தில் அதுவே பெரிய உதவி. ஆனால் ஒரே கோபுரத்தின் சிக்னலைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிறது. பகலில் பறந்த வேகம் இரவு எட்டு மணிக்கு மேல் படுத்துவிடும். என் மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். மாதக் கடைசியில் ஃபைல்களை ஏற்றும்போதெல்லாம் பாதியில் நின்றுவிடும். ஒரு அளவுக்கு மேல் பயன்படுத்தினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பதும் எங்கள் பாரத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது.

மாதம் போனது, லைன் வரவில்லை. கேட்டால், “மேம்பாட்டாளர் இன்னும் பெர்மிட் கொடுக்கலண்ணே.” வீட்டைக் கட்டிக்கொடுத்த மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் விசாரித்தால் அப்படி யாரும் கேட்கவே இல்லை என்றார்கள். இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தின் டெக்னிஷியன் பக்கத்து வீட்டுக்கு வந்தார். அவரைக் கூப்பிட்டு எங்கள் சுவர்ப் பெட்டியைக் காட்டினேன். இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே வெறும் குழாய் வாய், அதிலிருந்து தொங்கும் ஒரு நைலான் கயிறு. அவ்வளவுதான். கேபிளே இல்லை. பின்னால் கேபிள் இழுப்பதற்காக மேம்பாட்டாளர் விட்டுவைத்த கயிறு அது. ஏஜென்ட் காட்டிய ‘ஃபைபர் பாயிண்ட்’ இதுதான்.

அப்புறம்தான் இமெயிலில் வந்த பாரத்தை வரிக்கு வரி பார்த்தோம். பேக்கேஜ் பெயரில் ஃபைபர் என்ற சொல்லே இல்லை. வீட்டு வயர்லெஸ் திட்டம், 24 மாத ஒப்பந்தம். முன்பே முறித்தால் அபராதம். டெம்பரரி என்று எங்கேயும் எழுதவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட் வாயால் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கொடியை நட்டு விற்றவரின் வார்த்தைக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றால் வேறு யார் பொறுப்பு?

புது வீடு வாங்குகிறவர்கள் மலிவு எது என்று பார்க்கும் முன்னால், தெருவில் யாருடைய கேபிள் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். பெயர்கள் பல இருந்தாலும் தரைவீட்டுத் தாமான்களில் பெரும்பாலும் ஓடுவது டிஎம் (டெலிகோம் மலேசியா) கேபிள்தான். யூனிஃபை அவர்களுடையது. மேக்சிஸ், செல்கோம்டிஜி எல்லாம் பல இடங்களில் அதே கேபிளை வாடகைக்கு எடுத்துத்தான் விற்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விலை, ஒப்பந்தக் காலம், ரௌட்டர் ஆகியவற்றை ஒப்பிட்டால் போதும். சில பகுதிகளில் மின்சார நிறுவனமான தெனாகா குழுமத்தின் அல்லோ கேபிள் இருக்கும். டைம் என்ற நிறுவனம் பெரும்பாலும் அடுக்குமாடிகளுக்குத் தன் சொந்தக் கேபிளைக் கொண்டுபோகிறது. கொண்டோ வாங்குகிறவர்கள் நிர்வாக அலுவலகத்திலேயே எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

நிறுவனங்களின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் புதுத் தாமான் என்றால் முகவரியே பதிவாகி இருக்காது. இல்லை என்று காட்டினால், இப்போதைக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாதது கூடாரத்தில் இருக்கிறவரிடம் மட்டும் இருக்க வழியில்லை.

சாவி கையில் வந்ததும் அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து கயிற்றை இழுத்துப் பாருங்கள். கேட் தூணிலோ வெளிச்சுவரிலோ அதன் மறுமுனை இருக்கும். ஒருவர் இங்கே இழுத்தால் அங்கே நகர வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் குழாய்க்குள் சிமெண்ட் இறங்கி அடைத்திருந்தது. வீட்டுக்குள் தொலைத்தொடர்புக் கேபிள் போகும் குழாய் வசதி மேம்பாட்டாளரின் பொறுப்பு, விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சாவி கொடுத்ததிலிருந்து 24 மாதம் பழுதுப் பொறுப்புக் காலம், அதற்குள் சொல்லும் குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்ய வேண்டும். அதனால் கயிறு நகரவில்லை என்றால் குறைப் பட்டியலில் டைல்ஸ் விரிசலோடு இதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கேபிள் இழுக்க வருகிறவர் சுவருக்கு வெளியே கம்பி ஓட்டுவார், அல்லது தனியாகக் காசு கேட்பார்.

விளம்பரத்தில் போட்ட விலை மட்டும் பில்லில் வராது. 6 விழுக்காடு சேவை வரி அதன்மேல் ஏறும். சலுகைக் காலம் முடிந்தபின் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

எங்கள் புகார் இப்படிப் போனது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்கினோம். பதில் சரியில்லாததால் அந்த எண்ணோடு எம்.சி.எம்.சி.யின் புகார்த் தளத்தில் பதிந்தோம். அதன்பிறகுதான் நிறுவனத்திலிருந்து பொறுப்பானவர் ஒருவர் பேசினார். ஒப்பந்தத்தை அபராதம் இல்லாமல் ரத்து செய்தார்கள். கட்டிய பில் பணத்தைத் தர மறுக்கிறார்கள். அதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறோம். 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

அபராதம் ரத்தானதற்கு ஒரே காரணம், ‘ஃபைபர் ரெடி’, ‘மோடம் டெம்பரரி’ என்று அந்த ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்ததுதான். அதே ஆளிடம் எல்லாவற்றையும் போனில் மட்டும் பேசிய எதிர்வீட்டு அக்கா இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். யாராவது ஃபைபர் என்று சொன்னால், “எந்த கேபிள், எப்போது வரும், வராவிட்டால் ஒப்பந்தம் ரத்தா என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்க தம்பி” என்று கேளுங்கள். அனுப்பாவிட்டால் ஐசியைக் கொடுக்காதீர்கள்.