கிங்க்ஸா, ஒயாசிஸா?

அண்ணன் தம்பி சேர்ந்து கலக்கிய பிரிட்டிஷ் ராக் குழுக்கள் என்றால் இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

லண்டன்காரர்களான ரே, டேவ் டேவிஸின் கிங்க்ஸுக்கு முதல் இரண்டு சிங்கிள்களும் (தனியாக வெளியிடும் பாட்டுகள்) எடுபடவில்லை. மூன்றாவது, 1964-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் வரும் கரகரத்த கிடார் ஒலிக்குக் காரணம் டேவ் செய்த சேட்டை. தன் குட்டி ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறிவிட்டார்! ஆனால் 1965-லிருந்து நான்கு வருடம் அமெரிக்க மேடைகள் கைவிட்டுப் போயின. வளர்ச்சிக்கு விழுந்த பெரிய அடி அது. ரே உள்ளூர் மனிதர்களைப் பற்றி எழுதத் திரும்பினார். அந்தப் பாட்டுகள்தான் எனக்கு உசத்தி.

மான்செஸ்டரின் ஒயாசிஸில் தம்பி லியாம் கேலகர்தான் முதலில் இருந்தார். 1991-ல் அண்ணன் நோயல் வந்து, பாட்டெழுதும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் எல்லாம் படுவேகம். 1994-ல் முதல் ஆல்பம், 1996-ல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்த கச்சேரிகளுக்கு இரண்டே இரவுகளில் சுமார் 2,50,000 பேர். கிங்க்ஸ் இந்த உயரத்தைத் தொட்டதில்லை.

சண்டையில் மட்டும் இரண்டு குழுக்களின் அண்ணன் தம்பிகளும் சளைத்தவர்கள் இல்லை. 2009-ல் பாரிஸில் மேடையேறும் முன்பே லியாமோடு முட்டிக்கொண்டு நோயல் விலகினார். 2025-ல்தான் மறுபடி ஒன்றாகப் பாடினார்கள்.