பள்ளி கம்ப்யூட்டர் லேபுக்கு வேயான்: நிறுவும்போது எங்கே தவறுகிறது?

முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் லேபில் ஓர் ஆசிரியரின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் நாலைந்து திரைகள்தான் எட்டும். மற்றவற்றில் பாடம் ஓடுகிறதா, விளையாட்டு ஓடுகிறதா என்று தெரியாது. இந்தக் குறைக்குக் காசில்லாமல் கிடைக்கும் நல்ல தீர்வு வேயான். ஜெர்மனியில் உருவான மென்பொருள். முன்பு ஐடால்க் என்ற பெயரில் இருந்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமம் என்பதால் எத்தனை சிஸ்டங்களில் போட்டாலும் கட்டணம் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

ஆசிரியர் சிஸ்டத்தில் எல்லா மாணவர் திரைகளும் சிறு கட்டங்களாகத் தெரியும். ஒரு கட்டத்தைத் திறந்து பெரிதாகப் பார்க்கலாம், அங்கிருந்தே மவுஸை நகர்த்திப் பிழையைத் திருத்திக் காட்டலாம், வகுப்பு முடிந்ததும் மொத்தமாக அணைக்கலாம். அதிகம் பயன்படப்போவது பூட்டு வசதிதான். விளக்கும் பத்து நிமிடம் திரைகளைப் பூட்டிவிட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து ஆசிரியரைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் திரையை எல்லோருக்கும் காட்டும் டெமோ, கேபிள் இணைப்பில் சீராக ஓடும், வைஃபையில் திணறும்.

நிறுவும்போது மாணவர் சிஸ்டங்களில் 'மாஸ்டர்' என்ற பகுதியின் டிக்கை எடுத்துவிட வேண்டும். அடுத்தவர் திரையைப் பார்க்க உதவும் பகுதி அது. ஆசிரியர் சிஸ்டத்தில் மட்டும் இருந்தால் போதும். அதைவிட முக்கியமானது அங்கீகார முறை, அதாவது இணைய வருபவர் யார் என்று சரிபார்க்கும் வழி. பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் முறையிலேயே விட்டுவிட்டு, யார் இணையலாம் என்ற அனுமதி விதிகளையும் போடாமல் இருந்தால் ஆபத்து. பல லேப்களில் எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே மாணவர் லாகின்தான். எங்கிருந்தோ மாஸ்டரைக் கொண்டுவந்து ஓட்டும் மாணவருக்கு, அந்த லாகினை வைத்தே மற்றவர் திரை திறந்துவிடும்.

எனவே பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு கோப்பையே சாவியாக வைத்து இணையும் சாவிக்கோப்பு முறைக்கு மாற்றுங்கள். வேயானின் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிகரேட்டரில் ஒரு சாவி ஜோடியை உருவாக்கி, இணைய வருபவரைச் சரிபார்க்கும் பொதுச்சாவியை மட்டும் ஒவ்வொரு மாணவர் சிஸ்டத்திலும் ஏற்றுங்கள். இணையும் உரிமையைத் தரும் தனிச்சாவி ஆசிரியர் சிஸ்டத்தை விட்டு நகரக் கூடாது. அதை அணுகும் குழுவாக ஆசிரியர்களை மட்டும் வையுங்கள். பென்டிரைவில் எடுத்துப்போய் ஏற்றும்போது இரண்டு சாவியையும் சேர்த்து நகலெடுத்து, அதை அப்படியே மேசையில் விட்டுவிடுவது சர்வசாதாரணமாக நடக்கும் தவறு.

ஒரு சிஸ்டத்தில் விண்டோஸ் போட்டு அதை அப்படியே மற்றவற்றுக்குக் குளோன் (நகல்) செய்த லேப் என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே கணினிப் பெயர் இருக்கும்; கட்டங்களில் யாருடைய திரை எது என்று குழம்பும். முதலில் பெயரை மாற்றுங்கள். வேயானில் சிஸ்டங்களை ஐபி எண்ணை (நெட்வொர்க் முகவரி) வைத்துச் சேர்த்திருந்தால், ரூட்டர் எண்ணை மாற்றிக் கொடுக்கும் நாளில் இணைப்பு அறும். பெயரை வைத்துச் சேர்ப்பதே நல்லது. திரை வராவிட்டால் ஆன்டிவைரஸின் ஃபயர்வாலில் 11100 என்ற போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்) தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெமோ மட்டும் வரவில்லை என்றால் 11400. உபுண்டு 22.04 போன்ற லினக்ஸ் பதிப்புகளில், திரையைக் காட்டும் புதிய முறையான வேலேண்ட் அமர்வில் திரை சரியாகக் கிடைக்காது. லாகின் பக்கத்துச் சக்கரக் குறியில் பழைய முறையான எக்ஸார்க் (Xorg) அமர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாணவர் கணக்குக்கு அட்மின் உரிமை இருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். வேயான் சேவையை அவர்களே நிறுத்திவிட முடியும்.

வேயானிடம் எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. கூடுதல் கட்டணமில்லாத அடிப்படைப் பதிப்பு எந்தத் தளத்தையும் தடுக்காது, யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவேடும் வைக்காது. வயதுக்கு ஒவ்வாத தளங்களைத் தடுக்க, ரூட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் சேவை) இடத்தில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைக் கொடுக்கலாம்; இதுவும் இலவசம். பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' வேறு சேவைக்குத் திருப்பப்பட்டிருந்தால் இந்த வடிகட்டி தாண்டப்படும், அதையும் அணைக்க வேண்டும். யூடியூபை இது தடுக்காது.

டாஸ்க்பாரில் வரும் வேயான் குறியை மறைக்கவும் வழி இருக்கிறது. மறைக்காதீர்கள். திரை பார்க்கப்படுகிறது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லி, லேப் விதிகளில் எழுதி மாணவர், பெற்றோர் கையெழுத்து வாங்கி வைப்பதுதான் நியாயம். ஒளிந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை லேபிலிருந்து கைபேசிக்கு மாறிவிடும், அங்கே நம் கண் எட்டாது. வேறு சிஸ்டத்திலிருந்து யாராவது இணையும்போது மாணவர் திரையில் அறிவிப்பு காட்டும் தேர்வும் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

லேப் பொறுப்பாசிரியர் மாறிப்போனால் பழைய சாவி ஜோடியை எல்லா இடத்திலும் நீக்கி, புதிதாக ஒன்றை உருவாக்கி, பொதுச்சாவியை ஒவ்வொரு சிஸ்டத்திலும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். ஒரு மதியப் பொழுது வேலை.